கத்திரியில் நடப்போர் கவனத்துக்கு

(சென்னை பெசன்ட் நகரில், கோடைத் தொடக்கத்தில், காலைநடை செல்வோர் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



மே 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி என்னும் அக்னி நட்சத்திரம் தொடங்கும். 28-ஆம் தேதி வாக்கில் முடிகிறது என்று பஞ்சாங்கம் சொல்லும். ஆனால் இந்த நகரம் கண்ட உச்ச வெப்பமான 45 டிகிரி செல்சியஸ் பதிவானது 2003 மே 31 அன்று, கத்திரி முடிந்த பிறகு. ஆகவே நாள்காட்டியை நம்பித் தொப்பியைக் கழற்றிவிடாதீர்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களில் ஒன்றாக அறிவித்தது. வெயில் என்பது பொறுத்துக்கொண்டு போகவேண்டிய ஒன்று என்ற நம் பழைய எண்ணத்தை மாற்றிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது.

வெயில் காலத்தில் உடற்பயிற்சி செய்வது எப்படி என்று பேசும்படி கேட்டார்கள். கால்நடை மருத்துவனான என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்று முதலில் யோசித்தேன். பிறகு, நான் பேசவேண்டியதுதான் என்று தோன்றியது. வெப்பம் ஓர் உடலை என்ன செய்கிறது என்பதை நடக்கும்போது நீங்கள் உங்கள் உடம்பிலேயே தெரிந்துகொள்கிறீர்கள். அதே நேரத்தில், அதே தெருவில், நிழலும் தண்ணீரும் இல்லாமல் நிற்கும் உயிர்களைக் கடந்தும் போகிறீர்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பேச அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள்.

முதலில் உங்கள் உடம்பு. உழைக்கும் தசை தான் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் அசைவாக மாற்றுகிறது. மிச்சமெல்லாம் சூடாகவே வெளிவருகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற மனிதனுக்கு இயற்கை கொடுத்திருக்கும் பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். நடுத்தர எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் விரைந்து நடந்தால் உண்டாகும் சூடு அதில் ஏறக்குறைய பாதிதான். கணக்கு நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஆனால் வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் உடம்பு குளிர்வதில்லை, தண்ணீரும் உப்பும்தான் போகின்றன.

சென்னையின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு வெப்பநிலை நாளிலேயே குறைவாக இருக்கும், ஈரப்பதமோ நாளிலேயே அதிகமாக இருக்கும். இரவில் தரையிலிருந்து வந்த காற்று ஓய்ந்திருக்கும், கடற்காற்று இன்னும் கிளம்பியிருக்காது. அந்த நிலையைத்தான் புழுக்கம் என்கிறோம். வெயில் ஏறவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று நினைத்து மார்கழியில் நடந்த அதே வேகத்தில் நடக்கிறோம். காலை நேரம்தான் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

உடம்பு வெயிலுக்குப் பழகும். அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். பழகிய உடம்பில் வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறைவாக இருக்கும், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், இதயத்தின் பாரம் குறையும். அதனால்தான் குளிர்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன். அங்கே பத்துக் கிலோமீட்டர் ஓடிய பையன் வந்து இறங்கிய மறுநாளே இந்தக் கடற்கரையில் அதே தூரத்தை ஓடப் பார்ப்பான். வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் நாள் கால் மணி நேரம் போதும், பிறகு நாளுக்கு நாள் கூட்டிக்கொள்ளட்டும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையோ இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையோ சாப்பிடுபவர்கள், கோடை நடையைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது அவசியம். அந்த மருந்துகள் வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கக்கூடும்.

தண்ணீர் குடியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் அதுவும் ஆபத்தாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நீண்ட நேரம் வியர்த்தால் உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள், இல்லையென்றால் ஓ.ஆர்.எஸ். கரைசல். நம் வீடுகளில் ஊற்றிக் கொடுக்கும் மோரை விடச் சிறந்த கோடை பானத்தை நான் பார்த்ததில்லை.

ஆபத்தின் அறிகுறியில் ஒன்றே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கூட நடந்தவர் சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால், அது வெப்பத்தாக்காக இருக்கலாம். வியர்வை நின்று தோல் காய்ந்த பிறகுதான் வெப்பத்தாக்கு என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உழைப்பினால் வரும் வெப்பத்தாக்கில் ஆள் வியர்த்துக்கொண்டே விழுவார். உள்ளுடம்பின் சூடு 40 டிகிரியைத் தாண்டிய நிலை அது. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்காதீர்கள். நிழலில் கிடத்தி, தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குளிர வைப்பது முதல் வேலை, கொண்டு போவது அடுத்தது.

இந்த விதி நாய்க்கும் அப்படியே பொருந்தும்.

நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடிச்சதையில் மட்டும் வியர்வைச் சுரப்பிகள் உண்டு, அவற்றால் பெரிய பயனில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதன் வழி. நாக்கிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கிச் சூட்டைப் போக்குகிறது. புழுக்கத்தில் நம் வியர்வை தோற்றுப்போகும் அதே காரணத்தால் அதன் இரைப்பும் தோற்றுப்போகும். போதாக்குறைக்கு அதன் இயல்பான உடற்சூடே 38.3 முதல் 39.2 டிகிரி வரை. நம்மைவிட ஒரு படி மேலேதான் அது தொடங்குகிறது. பூனையும் கோழியும் காகமும் வியர்வையை நம்பி வாழ்பவை அல்ல. நம்மைப்போல் உடம்பு முழுக்க வியர்த்துக் குளிரும் விலங்கு என்றால் குதிரைதான். அந்தக் குதிரையே ஈரமும் சூடும் கலந்த ஊர்களில் நாளடைவில் வியர்க்கும் திறனை இழந்துவிடுவது உண்டு. ஓடிய குதிரை வியர்க்காமல் காய்ந்த மேனியோடு மூச்சிரைத்து நின்றால், அது களைப்பு இல்லை, நோய்.

பிரிட்டனில் ராயல் வெட்டர்னரி காலேஜ் ஆய்வாளர்கள் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளைத் திரட்டி 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெப்பத்தால் பாதிக்கப்பட்டு வந்த நாய்களில் ஏறக்குறைய முக்கால் பங்குக்குக் காரணம் உடற்பயிற்சி. பூட்டிய காரில் சிக்கியவை சிறு பங்குதான். குளிர்நாட்டிலேயே இந்த நிலை. இங்கே என்ன நடக்கிறது? காலை எட்டரை மணிக்கு ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே சங்கிலியைக் கையில் பிடித்து நாயைப் பின்னால் ஓட விடுகிறார்கள். நாய் நிற்க நினைத்தாலும் வண்டி நிற்காது. இதை நான் உடற்பயிற்சி என்று ஒப்புக்கொள்ளவே மாட்டேன். சப்பை மூக்குள்ள பக் இன நாயால் இரைக்கவே சரியாக முடியாது, அதன் மூச்சுவழி அவ்வளவு குறுகல். சைபீரியப் பனிக்குப் பிறந்த ஹஸ்கியைக் கத்திரி வெயிலில் கடற்கரைச் சாலையில் இழுத்துச் செல்வதைப் பார்த்தால் எனக்கு அன்று முழுதும் மனம் ஆறுவதில்லை. உங்கள் நாயை வெளியே அழைத்துப் போகும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் வைக்கக் கூடாது.

நாய் வெப்பத்தில் சரிந்தால் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள், பிறகு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். ஐஸ் தேடி அலைந்து நேரத்தைத் தொலைக்க வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மே மாத நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். கீழ்த்தொட்டித் தண்ணீரை எடுங்கள், இல்லையென்றால் கேன் தண்ணீரை உடைத்து ஊற்றுங்கள். ஈரத்துணியால் மூடிப் போர்த்தி வைப்பது கூடாது, சூடு உள்ளேயே தங்கிவிடும்.

இதுவரை சொன்னது கவனமின்மை. இனி புறக்கணிப்பைப் பற்றிப் பேசவேண்டும். இதற்குத்தான் நான் முக்கியமாக வந்தேன்.

அடிப்பதை ஒரு நொடியில் பார்த்துவிடலாம். புறக்கணிப்பு அப்படி ஒரு பார்வையில் தெரிவதில்லை. வழிப்போக்கன் ஒருவன் மாடியில் கட்டியிருக்கும் நாயைப் பார்த்தால், யாரோ இப்போதுதான் கட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் போய்விடுவான். தினமும் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் போகிறவருக்குத்தான், அது நேற்றும் அங்கேயே இருந்தது, போன வாரமும் அங்கேயே இருந்தது, கிண்ணம் அன்றும் கவிழ்ந்தே கிடந்தது என்பது தெரியும். விலங்கு மருத்துவமனைகளுக்கோ காவல் நிலையத்துக்கோ இந்தப் பார்வை கிடையாது. ஒவ்வொரு தெருவிலும் அது இருப்பது காலை நடையாளர்களிடம் மட்டும்தான். ஆகவே ஒரே வழியில் நடப்பது அலுப்பு என்று தினமும் வழியை மாற்றும் நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன், கோடை முடியும்வரையாவது ஒரே வழியில் போங்கள்.

எதைப் பார்ப்பது? நகத்தைப் பாருங்கள். நடக்கிற நாய்க்கு நகம் தேயும். கட்டியே கிடக்கும் நாய்க்கு வளர்ந்து சுருளும். கழுத்துப்பட்டையைச் சுற்றி முடி உதிர்ந்து புண்ணாகியிருக்கிறதா, குட்டியில் கட்டிய பட்டை சதைக்குள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கிண்ணத்தில் பாசி பிடித்திருந்தால் தண்ணீர் மாற்றி நாளாகிறது என்று பொருள். மலம் காய்ந்து குவிந்திருந்தால் அவிழ்த்துவிடும் ஆளில்லை என்று பொருள். குரைத்துக் குரைத்துக் குரல் கம்மிப்போன நாய் நெடுநேரம் யாரையோ கூப்பிட்டிருக்கிறது. காலை நிழலை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஆறு மணிக்கு நிழலாக இருக்கும் மூலை பதினோரு மணிக்கு வெட்டவெளி. சூரியன் எந்தப் பக்கம் ஏறும் என்று ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்.

மாட்டுக்கு மூக்கைப் பாருங்கள். நலமாக உள்ள மாட்டின் மூக்குநுனியில் முத்து முத்தாக ஈரம் நிற்கும். அது காய்ந்து, கண் உள்வாங்கி, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே விழாமல் நின்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. கோடையில் ஒரு கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்குப் பல குடம் தண்ணீர் வேண்டும். அதிலும் கலப்பின ஜெர்சி மாடுகள் நம் நாட்டு மாடுகளைவிட வெப்பத்தால் அதிகம் துன்பப்படும். பால் கறந்ததும் தெருவில் அவிழ்த்துவிட்டால் மாடு குப்பைத் தொட்டியில் உணவைத் தேடிப் பிளாஸ்டிக்கைத்தான் தின்கிறது.

தெருநாய்களுக்கு வெயிலைச் சமாளிக்கத் தெரியும். கட்டடம் கட்டும் இடத்தில் ஈர மணலைத் தோண்டிப் படுக்கும், ஏ.சி. தண்ணீர் சொட்டும் இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கும், நின்ற காரின் அடியில் தூங்கும். கார் எடுப்பவர்கள் முன்மூடியைத் தட்டிவிட்டு, குனிந்து பார்த்துவிட்டு எடுங்கள். எனக்கு அதிகக் கவலை தருவது சுவருக்குள் இருக்கும் நாய்கள்தான். அவற்றால் நிழலைத் தேடிப் போக முடியாது. பள்ளி விடுமுறையில் குடும்பம் ஊருக்குப் போகும்போது, வாட்ச்மேன் பார்த்துக்கொள்வார் என்று விட்டுப்போன நாயையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு அந்த நாயிடம் போகவே பயமாக இருக்கலாம்.

பார்த்தாயிற்று, என்ன செய்வது? முதலில் கதவைத் தட்டுங்கள். "உங்க நாயைக் கொடுமைப்படுத்துறீங்க" என்று தொடங்கினால் கதவு மூடிக்கொள்ளும், அதோடு நாயையும் உள்ளே எங்கோ கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள். "சார், மாடியில உங்க நாய் இருக்கிற பக்கம் பத்து மணிக்கு மேல வெயில் நேரா அடிக்குது. எங்க வீட்ல ஒரு தார்ப்பாய் சும்மா கிடக்கு, கட்டித் தரட்டுங்களா?" என்று கேளுங்கள். ஒரு வீட்டில் இப்படிக் கேட்டபோது ஓர் அம்மா அழுதுவிட்டார். மகன் வாங்கிய நாய் அது, மகன் வேலைக்கு வெளிநாடு போய்விட்டான். முழங்கால் வலியால் அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை. வேலைக்கு வரும் பெண் வருகிற நாளில்தான் நாய்க்குச் சோறு. அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது நாயைக் கீழே இறக்கிக் கட்டுவதற்கு ஓர் ஆள், காலையில் நடத்திக்கொண்டு போவதற்கு இன்னோர் ஆள். இரண்டு பேரும் உங்களைப் போன்ற நடையாளர்களிலிருந்தே கிடைத்தார்கள். புறக்கணிப்புக்குப் பின்னால் எப்போதும் கல்மனம் இருப்பதில்லை, இயலாமையும் இருக்கும். அதைப் பேசித்தான் கண்டுபிடிக்க முடியும்.

பேசியும் பலிக்காதபோது சட்டம் இருக்கிறது. இங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது கலாக்ஷேத்ரா. அதை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலை நடனத்துக்காக உலகமே அறியும். மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் அவர். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1960-இல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 2018 வரை அந்த வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். உரிமையாளர் போதிய உணவும் நீரும் தங்க இடமும் கொடுக்காமல் இருப்பது குற்றம். அளவுக்கு மீறிய நேரம் குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு, அடைத்தே வைத்திருக்கும் நாய்க்கு, நியாயமான அளவு உடற்பயிற்சி கொடுக்காமல் இருப்பதும் குற்றம். நாம் காலையில் எழுந்து விரும்பிச் செய்யும் அதே காரியத்தை ஒரு நாய்க்கு மறுக்கக் கூடாது என்று இந்த நாட்டின் சட்டம் சொல்கிறது! 1965-இல் வந்த விதிகளின்படி, வெப்பநிலை 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி இழுக்கவும் சுமை சுமக்கவும் விலங்குகளைப் பயன்படுத்தக் கூடாது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை என்று சட்டத்தில் எழுதியிருப்பது எனக்கு வருத்தமே. அந்தத் தொகை உயரவேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனாலும் தேதியும் நேரமும் போட்ட புகைப்படங்களோடு காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்தால், அபராதத்தைவிட அந்தப் புகாரே பல வீடுகளில் வேலை செய்யும். ஒரு படம் போதாது, அடுத்தடுத்த நாட்களின் படங்கள் வேண்டும். அந்தச் சாட்சியம் உங்களிடம்தான் இருக்கும். சுவர் ஏறிக் குதித்து நாயை அவிழ்த்துக்கொண்டு வராதீர்கள், வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும்.

அடிபட்டுக் கிடக்கும் விலங்குக்கு 1962 என்ற எண்ணை அழையுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் அது. தெருவில் திரியும் மாடு, நாய் பற்றி மாநகராட்சிக்குச் சொல்ல 1913. 1959 முதல் இந்த ஊரில் இயங்கிவரும் புளூ கிராஸ் இருக்கிறது, வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வெயிலில் சோர்ந்து விழுந்த காகத்தையோ பருந்தையோ கண்டால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் நிழலில் வையுங்கள், பக்கத்தில் ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வையுங்கள். அலகைத் திறந்து ஊற்றினால் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

ஓடுகிறவர்கள் நாய் துரத்துவதைப் பற்றிக் கேட்பீர்கள். ஓடினால் துரத்தும். நின்றுவிடுங்கள், நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காமல், கையை வீசாமல், மெதுவாக நடந்து விலகுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். தெரிந்த நாய், தடுப்பூசி போட்ட நாய் என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். விலங்கின் மேல் அன்புள்ளவர்கள்தான் இந்த விஷயத்தில் அதிகம் அலட்சியமாக இருக்கிறார்கள். வெறிநோய் முற்றினால் காப்பாற்ற வழி கிடையாது.

கடைசியாகத் தண்ணீர்த் தொட்டி. நம் முன்னோர் முப்பத்திரண்டு அறங்களை எண்ணிவைத்தபோது தண்ணீர்ப் பந்தலோடு, மாடு உரசிக்கொள்ளக் கல் நடுவதையும் விலங்குக்கு உணவிடுவதையும் சேர்த்தே எண்ணினார்கள். கட்சிப் பந்தல்களில் மனிதர்களுக்கு மோர் கிடைக்கிறது. மாட்டுக்கும் நாய்க்கும் ஒரு சிமெண்டுத் தொட்டி போதும். பிளாஸ்டிக் கிண்ணம் கவிழும், காணாமலும் போகும். நாள் முழுவதும் நிழல் விழும் இடத்தில், நடப்பவர் காலில் படாமல், வீட்டுக்காரர் சம்மதத்தோடு வையுங்கள். காக்கையும் அணிலும் விழுந்து சாகாமல் உள்ளே ஒரு கல்லைப் போட்டுவையுங்கள். தினமும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு ஒரு வாரத்துக்குள் பறக்கத் தயாராகிவிடும், அப்புறம் தெருவே சேர்ந்து தொட்டியை எடுக்கச் சொல்லும், அது நியாயமும்கூட. பால் ஊற்றாதீர்கள், வெயிலில் திரிந்துபோகும். உணவு வைப்பதாக இருந்தால் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் வையுங்கள், பள்ளி வாசலிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வேண்டாம்.

இந்தக் கூட்டத்தில் தொட்டிகளுக்கு ஆள்முறை எழுதும் நோட்டு ஒன்று வாசலில் இருக்கிறது. எந்தத் தெரு, எந்த நாள், யார் கழுவி நிரப்புவது என்று பெயரை எழுதிவிட்டுப் போங்கள். மே மாதத்தில் பலரும் ஊருக்குக் கிளம்பிவிடுவீர்கள். அந்த நாட்களில் உங்கள் முறையை யாரிடம் கொடுத்திருக்கிறீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.